பூர்ணம் விசுவநாதன்: அலுவலும் கலையும்

நமது ஸ்கெலட்டன் வட்டாரத்தில் மாலை வேளைகளில் நாடக ஒத்திகை நடைபெறுவது புதிதன்று. சென்ற மாதம் ஒத்திகைக்கு வரும் இளைஞர் ஒருவர் என்னை அணுகி, "அண்ணா, பெங்களூர் வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குச் சென்று நடிகனாகலாம் என்றிருக்கிறேன். தங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டார். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டபோது வேலையிழந்தவர் அவருடைய தந்தையார். அக்குடும்பம் இன்று மாரிகுப்பத்து ரயிலை நம்பியே வாழ்கிறது. உடனே மறுமொழி கூற எனக்கு நா எழவில்லை. பூர்ணம் விசுவநாதன் அவர்களின் வரலாற்றையே இப்பொழுது மறுமொழியாகக் கூறுகிறேன்.

திருநெல்வேலிச் சீமையில் 1921ஆம் ஆண்டு பிறந்த இவர், 'முள்ளும் மலரும்' நாவலாசிரியர் உமாசந்திரனின் தம்பியாவார். டில்லி சென்று அகில இந்திய வானொலியில் தமிழ்ச் செய்தி வாசிப்பாளராக அமர்ந்தார். 1947ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள், பாரதம் விடுதலை பெற்ற செய்தியைத் தமிழில் வாசித்த பேறு இவருக்கே வாய்த்தது. தாய்நாட்டை விட்டு எங்கெங்கோ பிழைக்கச் சென்ற தமிழர்க்கு வானொலிக் குரலே ஊர்க் குரலாக இருந்த காலம் அது.

அன்பர்கள் இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். டில்லி தமிழ் வழங்கும் ஊரன்று. எனினும் அங்கு வாழ்ந்த தமிழர்களிடையே இவர் நாடகம் நடித்தார், அலுவலையும் கைவிடவில்லை. பின்னர்ச் சென்னைக்கு வந்து, மத்திய அரசின் 'திட்டம்' இதழில் பணியாற்றினார். சுஜாதா எழுதிய 'கடவுள் வந்திருந்தார்', 'ஊஞ்சல்' முதலிய நாடகங்களை மேடையேற்றிப் புகழ் பெற்றார்.

1980ஆம் ஆண்டு 'வறுமையின் நிறம் சிவப்பு' படத்தில், மகனோடு மனம் மாறுபட்ட தந்தையாக இவர் தோன்றியபோது வயது அறுபதை நெருங்கியிருந்தது. மறு ஆண்டு 'தில்லு முல்லு' படத்தில் நகைச்சுவையும் தமக்குக் கைவந்ததென்று காட்டினார். 1994இல் வெளிவந்த 'மகாநதி'யில் சிறைத் தோழராக வந்து, பொறுமையை உபதேசித்த அம்முதியவரை யார் மறப்பார்? 1975ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய தொலைக்காட்சியும் இவர் நடிப்புக்கு இடமளித்தது. வானொலியில் பழகிய தெளிந்த உச்சரிப்பு எல்லா அரங்குகளிலும் இவருக்குத் துணை நின்றது. 2008ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

இனி அவ்விளைஞருக்கு வருவோம். பூர்ணம் அவர்களுக்கு அரசாங்க உத்தியோகம் இருந்தது. தம்பிக்கு அவ்வாறான ஆதாரம் இல்லை. இவ்வேற்றுமையை மறைத்துப் புத்தி கூறுவது நேர்மையாகாது. ஆயினும், வேலைக்குச் செல்பவன் கலைஞனாக முடியாது என்பதும், முப்பது வயதுக்குள் முகம் தெரியாவிட்டால் எல்லாம் முடிந்தது என்பதும் மெய்யன்று.

சிலகாலம் ரயிலையும் விடவேண்டாம், ஒத்திகையையும் விடவேண்டாம் தம்பி! வீட்டுச் செலவுக்குச் சிறிது பணம் சேர்ந்தபின் சென்னை செல்லலாம். அதுவரை சொற்களைத் தெளிவாக உச்சரிக்கப் பழகுக. வசனம் ஒப்புவிக்கத் துணை வேண்டுமாயின், என் அலுவல் முடிந்தபின் மாலைதோறும் நான் வருகிறேன்.