உங்களுக்குத் தெரியுமா? கம்ப்ரஷனைக் கூட்டியவர் கேமையும் கவனிக்க வேண்டும்!

பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டரின் மொத்த இடம் எத்தனையில் ஒரு பங்காகச் சுருங்குகிறதோ, அதுதான் கம்ப்ரஷன் ரேஷியோ. பழைய புல்லட் 350-ல் 8.5, கேடிஎம் 390 டியூக்கில் 12-க்கு மேல். எண் ஏற ஏற, அதே பெட்ரோலில் கூடுதல் பலம் கிடைக்கும். ஆனால் அழுத்தம் கூடினால் சூடும் கூடும். ஸ்பார்க்கின் தீ பரவி வந்து சேருமுன்னே ஓரத்தில் மிஞ்சிய கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். மேட்டில் ஏறும்போது கேட்கும் 'டக டக' சத்தம், அந்த நாக்கிங்தான்.

சிலிண்டர் ஹெட்டை இழைத்து ரேஷியோவை ஏற்றுகிறவர்கள் பலரும், பெட்ரோல் நாக்கிங்கை எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஆக்டேனை மட்டுமே யோசிக்கிறார்கள். வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டில்தான் பெரிய சூட்சுமம் இருக்கிறது. இன்டேக் வால்வு தாமதமாக மூடினால், பிஸ்டன் ஏறத் தொடங்கிய பிறகும் கொஞ்சம் கலவை வந்த வழியே திரும்பிப் போய்விடும். உண்மையில் அழுத்தப்படுவது மிச்சம்தான். தாளில் 11 என்று எழுதிய எஞ்சின், குறைந்த வேகத்தில் அதற்கும் கீழான அழுத்தத்தையே உணரும்.

நாக்கிங்கை அடக்கிவிட்டால் ரேஷியோவை நன்றாகவே ஏற்றலாம். மஸ்தா 2011-ல் ஜப்பானில் சாதாரண பெட்ரோலுக்கே 14 ரேஷியோவில் டெமியோ காரை விற்றது. அந்த எஞ்சின் சேர்ந்த ஸ்கைஆக்டிவ் குடும்பத்தின் பெரிய எஞ்சின்களில், சூடான புகை சிலிண்டருக்குத் திரும்பாதபடி நீண்ட எக்ஸாஸ்ட் குழாய்களைப் பிணைத்தார்கள். அருமையான வேலை!

உங்கள் எஞ்சினில் நாக்கிங் இருக்குமோ என்று சந்தேகமா? பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் புள்ளிகள் தெரிந்தால், உடனே இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளுங்கள். பளபளக்கும் புள்ளிகள் என்றால் அது பிஸ்டனிலிருந்து உருகி வந்த அலுமினியம்.