ஜடேஜாவுக்கு ராஜஸ்தான் டிரான்ஸ்பர்: ஐ.பி.எல். டிரேடு எப்படி நடக்குது, ரசிகனுக்கு ஏன் வலிக்குது?

(ஆடியோவில் பேசியதைப் படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, திருத்தித் தந்திருக்கிறோம். பதிவு செய்தது 2025 டிசம்பர் மூன்றாம் வாரம்.)

நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்து பேசுகிறேன்.

நவம்பர் 15, சனிக்கிழமை காலை. எங்கள் பழைய ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தன் ஒரே ஒரு வரி போட்டான்: "ஜட்டுவுக்கு ராஜஸ்தான் டிரான்ஸ்பர்டா."

வெளியூர்க்காரங்களுக்கு இந்த ஜோக் சட்டுனு புரியாது. எங்க ஊர்ல "ராஜஸ்தான் டிரான்ஸ்பர்"னா அதுக்கு ஒரே அர்த்தம்தான்: பர்சிங்சர். பிகானேர் பக்கத்தில் என்.எல்.சி.க்கு ஒரு நிலக்கரிச் சுரங்கமும் 250 மெகாவாட் அனல்மின் நிலையமும் இருக்கு. அங்கே போட்டுட்டாங்கன்னா குடும்பத்தோட போறதா, பிள்ளைங்க படிப்பு என்ன ஆகும்னு வீடே ரெண்டு நாள் பேசிட்டு இருக்கும். அதனால் அந்த ஜோக்குக்கு எல்லாரும் சிரிச்சோம். அஞ்சு நிமிஷம் கழிச்சு யாரும் சிரிக்கலை. "பொய்ச் செய்தியா இருக்கும்"னு ஒருத்தர், "இனிமே நான் மேட்ச்சே பாக்க மாட்டேன்"னு இன்னொருத்தர். அன்னிக்கு ராத்திரி வரைக்கும் இதே பேச்சுதான்.

இந்த எபிசோடில் மூணு விஷயம் பார்க்கலாம். உண்மையில் என்ன நடந்தது? டிரேடு என்பது எப்படி வேலை செய்கிறது? ஒரு ஆட்டக்காரர் போனதுக்கு நமக்கு ஏன் இவ்வளவு கோபம் வருது?

நடந்தது என்ன?

சென்னை சூப்பர் கிங்ஸ் ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்தது. பதிலுக்கு சஞ்சு சாம்சனை வாங்கியது. சாம்சனுக்கு 18 கோடி, அது மாறவில்லை. சாம் கரனுக்கு 2.4 கோடி, அதுவும் மாறவில்லை. ஜடேஜாவின் தொகை மட்டும் 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைந்தது.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்க. ஐ.பி.எல்.லில் ஒவ்வொரு அணிக்கும் செலவு வரம்பு உண்டு. 2026 சீசனுக்கு அது 125 கோடி. சென்னையின் கணக்கிலிருந்து 20.4 கோடி கழிந்தது, 18 கோடி ஏறியது. ஆக 2.4 கோடி மிச்சம், கூடவே ஒரு வெளிநாட்டு வீரருக்கான இடமும் காலி. ராஜஸ்தானுக்கு 18 கோடி கழிந்து 16.4 கோடி ஏறியது. அவர்களுக்கும் 1.6 கோடி மிச்சம். ரெண்டு பக்கமும் பணம் மிச்சமானது எப்படின்னா, நடுவில் ஜடேஜாவின் தொகையில் 4 கோடி குறைஞ்சிருக்கு. அவ்வளவுதான்.

டிரேடு எப்படி நடக்கிறது?

சீசன் முடிந்த ஒரு வாரத்தில் டிரேடு ஜன்னல் திறக்கும். ஏலத்துக்கு ஒரு வாரம் முன்பு வரை அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளலாம். வீரருக்கு வீரர் என்று மாற்றலாம், வெறும் பணம் கொடுத்தும் வாங்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை: வீரரின் சம்மதம் இல்லாமல் எதுவும் நகராது. கிரிக்கெட் வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும்.

ரசிகர்கள் பலர் கோபத்தில் விட்டுவிட்ட இடம் இதுதான். "ஜடேஜாவை வித்துட்டாங்க" என்று சொல்வது சுலபம். ஆனால் அவர் தலையாட்டாமல் இந்த டிரேடு நடந்திருக்காது. அவரோடு பேசி எடுத்த முடிவு, டாப் ஆர்டரில் ஒரு இந்திய பேட்ஸ்மேன் தேவைப்பட்டது என்று சென்னை அணியின் நிர்வாக இயக்குநர் காசி விஸ்வநாதனும் விளக்கினார்.

இதில் ஒரு பழைய கதையும் இருக்கு. 2008இல் ஷேன் வார்ன் தலைமையில் ராஜஸ்தான் முதல் கோப்பையை வென்றபோது அந்த அணியில் இருந்த 19 வயதுப் பையன்தான் ஜடேஜா. 2010இல் அதே ராஜஸ்தானோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல், விதியை மீறி வேறொரு அணியோடு நேரடியாகப் பேசினார் என்று ஒரு சீசன் முழுக்கத் தடை விதிக்கப்பட்டார். அன்னிக்கு அணி மாறப் பார்த்ததுக்குத் தண்டனை வாங்கியவர், 15 வருஷம் கழிச்சு விதிப்படி அணி மாறி, கிளம்பிய வீட்டுக்கே திரும்பிப் போயிருக்கார்.

நமக்கு ஏன் வலிக்குது?

2012 ஏலத்தில் சுமார் 20 லட்சம் டாலருக்கு ஜடேஜாவை எடுத்தது சென்னை. இடையில் அணி தடையில் இருந்த ரெண்டு வருஷம் தவிர்த்து, 12 சீசன் மஞ்சள் சட்டை. 2018, 2021, 2023 என்று மூன்று கோப்பைகள்.

அந்த 2023 இறுதிப் போட்டியைச் சொல்லாமல் நகர முடியாது. மழையால் ஒரு நாள் தள்ளிப்போய் மே 29 இரவு ஆரம்பித்து, முடியும்போது 30ஆம் தேதி ஆகிவிட்டது. அகமதாபாத். மோகித் சர்மா பந்து வீசுகிறார். ரெண்டு பந்தில் 10 ரன் வேணும். முதல் பந்து சிக்ஸ், அடுத்தது ஃபோர். தோனி அவரை அப்படியே தூக்கிக்கொண்டார். அந்த நேரத்துக்கு எங்க வட்டத்தில் பட்டாசு வெடிச்சுது. காலையில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுக்குப் போகவேண்டிய ஆளுங்கதான் தெருவில் நின்னு வெடிச்சிட்டிருந்தாங்க.

2024 ஏப்ரலில் சென்னை அணியே அவருக்கு "கிரிக்கெட் தளபதி" என்று பட்டம் கொடுத்தது. எங்க ஊருக்கு இது இன்னும் கொஞ்சம் நெருக்கம். 2020 பிப்ரவரியில், 'மாஸ்டர்' ஷூட்டிங் நடந்தப்போ, விஜய் வேன் மேல ஏறி செல்ஃபி எடுத்த ஊர் இது. தளபதின்னா நெய்வேலிக்கு எப்பவும் ஒரு சொந்தம் உண்டு.

ஆனால் ஒரு உண்மையையும் ஒத்துக்கணும். இதே ஜடேஜா பேட்டிங் பண்ணும்போது, அடுத்து தோனி வரணும் என்பதற்காக அவர் அவுட் ஆகணும்னு கத்தியதும் நாமதான். 2023 சீசனில் அவரே அதைச் சிரிச்சுக்கிட்டே சொன்னார். 2022இல் கேப்டன் பதவி கொடுத்து, எட்டு ஆட்டத்தில் அது கைமாறியபோது இணையத்தில் அவரைக் கிண்டல் பண்ணியதும் நாமதான். இப்போ அவர் போனதும் வர்ற கோபத்தில் பாதி நிர்வாகத்து மேல. மீதி, இருக்கும்போது நாம சரியாக் கொண்டாடலையேங்கிற உறுத்தல்னு நான் நினைக்கிறேன்.

இளம் வீரர்கள் மேல் பந்தயம்

கதை சாம்சனோடு முடியவில்லை. டிசம்பர் 16, அபுதாபி ஏலம். பதிரணா, ரச்சின் ரவீந்திரா, கான்வே என்று பலரை விடுவித்துவிட்டு 43.4 கோடியோடு போய் உட்கார்ந்தது சென்னை. அதில் 28.4 கோடியை, அதாவது கிட்டத்தட்ட மூன்றில் ரெண்டு பங்கை, இந்தியாவுக்காக ஒரு ஆட்டமும் ஆடாத ரெண்டு பேர் மேல போட்டது. உத்தரப் பிரதேசத்தின் பிரசாந்த் வீர், வயது 20. ராஜஸ்தானின் கார்த்திக் சர்மா, வயது 19. ஆளுக்கு 14.2 கோடி. ரெண்டு பேருக்கும் அடிப்படை விலை 30 லட்சம்தான். அதாவது 47 மடங்கு!

பிரசாந்த் வீர் இடது கை பேட்ஸ்மேன், இடது கை சுழற்பந்து வீச்சாளர். யாருடைய இடத்துக்கு என்பது சொல்லாமலே புரியும். ஜடேஜா ராஜஸ்தானில் வாங்கப்போவது 14 கோடி, அந்த இடத்துக்கு வரும் பையனுக்கு 14.2 கோடி. எங்க குரூப்ல இதைத்தான் அதிகம் பேசினாங்க.

நிர்வாகத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. 2018இல் அனுபவசாலிகளை வச்சு "அப்பாக்கள் படை"ன்னு பேர் வாங்கிக் கோப்பை ஜெயிச்ச அணி இது. அந்த வழி 2025இல் உடைந்தது. 14 ஆட்டத்தில் 4 வெற்றி, முதல் முறையாகக் கடைசி இடம். அந்த இருட்டில் தெரிந்த வெளிச்சம், மாற்று வீரர்களாக நடுவில் வந்த 17 வயது ஆயுஷ் மாத்ரேவும் டெவால்ட் பிரேவிஸும் உர்வில் படேலும்தான். ஜடேஜாவுக்கு இந்த டிசம்பரில் 37 வயது. சர்வதேச டி20யிலிருந்து 2024லேயே ஓய்வு பெற்றுவிட்டார். அடுத்த அஞ்சு வருஷத்துக்கு அணி கட்டுறவங்க இதையெல்லாம் பார்க்காமல் இருக்க முடியாது.

அமெரிக்க பேஸ்பாலில் இது பழைய கதை

பெரிய நட்சத்திரத்தைக் கொடுத்து இளம் வீரர்களை வாங்கும் வழக்கம் அமெரிக்க பேஸ்பாலில் ரொம்பச் சாதாரணம். அங்கே ஒவ்வொரு கிளப்புக்கும் கீழே சின்ன லீக் அணிகள் இருக்கும். நாத்தங்கால் மாதிரி வச்சுக்கோங்க. அங்கே வளரும் பையன்களைக் கொடுத்து வாங்குவார்கள். அப்படி வரும் ஒரு பையன் பெரிய லீக்குக்கு ஏறினால், சுமார் ஆறு வருஷம் கிளப்பின் கட்டுப்பாட்டில் இருப்பான். அதனால்தான் அவனுக்கு அவ்வளவு மதிப்பு.

2020 பிப்ரவரியில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி மூக்கி பெட்ஸ் என்ற நட்சத்திரத்தை லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸுக்குக் கொடுத்தது. 2018இல் கோப்பை ஜெயிக்க உதவியவர் அவர். பதிலுக்கு அலெக்ஸ் வெர்டூகோ, ஜெட்டர் டவுன்ஸ், கானர் வாங் என்று மூன்று இளைஞர்கள். பாஸ்டன் ரசிகர்கள் கொந்தளித்தார்கள். அந்தக் கோபம் வீண் போகவில்லை: பெட்ஸ் டாட்ஜர்ஸோடு 2020, 2024, 2025 என்று மூன்று கோப்பை ஜெயித்தார். டவுன்ஸை 2022லேயே பாஸ்டன் கைவிட்டது, வெர்டூகோவை 2023இல் வேறு அணிக்கு அனுப்பியது.

நமக்கும் அவர்களுக்கும் ரெண்டு வித்தியாசம். அங்கே பெரும்பாலான வீரர்களிடம் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. காலையில் எழுந்து பார்த்தால் ஊர் மாறியிருக்கும். இங்கே கேட்கணும். ரெண்டாவது, இங்கே ஆறு வருஷக் கட்டுப்பாடு கிடையாது. ஐ.பி.எல்.லில் பெரிய ஏலம் மூணு வருஷத்துக்கு ஒருமுறை வரும். கடைசியாக 2025 சீசனுக்கு முன் நடந்தது. அந்தக் கணக்கில் பிரசாந்தும் கார்த்திக்கும் சென்னைக்கு உறுதியாகக் கிடைப்பது 2026, 2027 என்ற ரெண்டே சீசன்தான். அப்புறம் தக்கவைத்தால் உண்டு, இல்லையென்றால் மறுபடி ஏலம். நாத்து நட்டு, கதிர் வரும் நேரத்தில் வயல் அடுத்தவன் கைக்குப் போகலாம். நிர்வாகத்தைக் கேட்கவேண்டிய சரியான கேள்வி இதுதான்னு எனக்குத் தோணுது.

ரசிகர் கோபம் எப்படி மாறும் என்பதற்கும் நம்ம நாட்டிலேயே உதாரணம் இருக்கு. குஜராத்திலிருந்து ஹர்திக் பாண்டியாவை மும்பை வாங்கி ரோஹித்தின் இடத்தில் கேப்டன் ஆக்கியபோது, 2024 சீசனில் வான்கடே மைதானமே அவரைக் கூச்சலிட்டு அவமதித்தது. அதே வருஷம் ஜூன் 29 அன்று உலகக் கோப்பை இறுதியின் கடைசி ஓவரை வீசினார். ஜூலை 4 அன்று அதே வான்கடே அவர் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது.

கடைசியா, வீட்டுக் கதை ஒண்ணு

எங்கப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 60 வயசில் ரிட்டயர் ஆனார். விதிப்படி குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு வடலூர் பக்கம் வந்துட்டோம். அந்தக் குவார்ட்டர்ஸின் பின்பக்கம் அவர் வச்ச பலா மரம் இருக்கு. நாங்க கிளம்பின வருஷம்தான் நல்லாக் காய்க்க ஆரம்பிச்சுது.

அந்த வீட்டுக்குப் புதுசா வேலைக்குச் சேர்ந்த ஒரு இளம் இன்ஜினியர் குடிவந்தார். எனக்கு அந்தப் பையன் மேல காரணமே இல்லாமல் ஒரு எரிச்சல். அப்பாவுக்கு இல்லை. ஒருநாள் என்னையும் கூட்டிக்கிட்டுப் போய், எந்தக் கிளையில் காய் முதல்ல பழுக்கும், எப்போ தட்டிப் பார்க்கணும்னு அந்தப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்துட்டு வந்தார். "வீட்டை அவனா புடுங்கினான்? வேலை கெடச்சுது, வந்திருக்கான்"னார்.

ஏலம் முடிஞ்ச அன்னிக்கு ராத்திரி அதைத்தான் நினைச்சேன். குரூப்பில் அந்த 20 வயசுப் பையனை இப்பவே திட்ட ஆரம்பிச்சுட்டாங்க. நிர்வாகத்தைக் கேள்வி கேளுங்க, நானும் கேக்கறேன். ஆனா அந்த விலையை அவன் கேட்கலை. சேப்பாக்கத்தில் அவன் முதல் கேட்சை விட்டால், "ஜட்டுவா இருந்தா பிடிச்சிருப்பார்"னு பக்கத்து சீட்டில் ஒருத்தர் கட்டாயம் சொல்வார். அந்த ஒருத்தர் நாமளா இருக்கவேண்டாம்.

ஜடேஜா நீலமும் இளஞ்சிவப்பும் கலந்த சட்டையில் சென்னைக்கு எதிரா இறங்கும்போது எழுந்து நின்னு கை தட்டப்போறேன். அவர் நம்ம விக்கெட்டை எடுத்தால் தட்டுவேனான்னு எங்கப்பா கேட்டார். இன்னும் பதில் சொல்லலை.

நீங்க என்ன செய்வீங்க? வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க, அடுத்த எபிசோடில் போடறோம்.