மணிக்குப் பூசை உண்டா?

சென்ற மழைக்காலத்தில் ஓரிரவு, பத்து மணிக்கு மேல், மந்தைவெளியிலுள்ள நம் பங்குக் குடும்பம் ஒன்றிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. நோயில் பூசுதலுக்குத்தான் என்று எண்ணி எண்ணெய்ச் சிமிழைத் தேடினோம். "சுவாமி, எங்கள் மணி இறந்துவிட்டது" என்றார் குடும்பத் தலைவர். மணி அவ்வீட்டில் பதினோர் ஆண்டுகள் வளர்ந்த நாய். அடுக்குமாடிக் குடியிருப்பாதலால் புதைக்கச் சாண் மண்ணும் இல்லை. இருநூறு ரூபாய் கொடுத்தால் அடையாற்றங்கரையில் போட்டுவிட்டு வருவதாகக் காவலாளி சொல்லியிருந்தார். அவ்வாற்றை ஒட்டிய குயிபிள் தீவுக் கல்லறைத் தோட்டத்தில் ஓர் ஓரம் கிடைக்குமா என்பதே அவர் வினா.

கிடைக்காது என்றோம். உயிர்ப்புக்காகக் காத்திருக்கும் மனித உடல்களுக்கென மந்திரிக்கப்பட்ட பூமி அது. ஆயினும், "நாய்தானே" என்று சொல்லிவிட நமக்கு மனம் வரவில்லை. பின்னணியில் ஒரு சிறுமியின் விம்மல் கேட்டுக்கொண்டே இருந்தது.

இத்தகைய இரவு பல வீடுகளுக்கு வரும். எனவே, அன்று நாம் விசாரித்து அறிந்ததை இங்கே எழுதுகிறோம். இறந்த சில மணி நேரத்தில் உடல் விறைத்துவிடும். அதற்குள் கால்களை மெல்ல மடக்கிப் பழைய போர்வையில் சுற்ற வேண்டும். நீர் கசியக்கூடுமாதலால் அடியில் பிளாஸ்டிக் விரிப்பு வேண்டும். பனிக்கட்டிப் பைகளை அருகில் வைத்தால் விடியும்வரை தாங்கும். காலையில், வைத்தியம் பார்த்த கால்நடை மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். பெசன்ட் நகரிலும் கண்ணம்மாபேட்டையிலும் உள்ள மயானங்கள் மனிதருக்கானவை. பிராணிகளை எரியூட்டும் வசதி, விமானியான கேப்டன் சுந்தரம் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ் நிறுவனத்திற்கு உண்டு. கிண்டியில் வேளச்சேரி நெடுஞ்சாலையில் அது இருக்கிறது. எங்குச் சென்றாலும் முன்னதாகப் பேசி, நேரம், கட்டணம், உடனிருக்க இயலுமா என்பவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். பல உடல்களைச் சேர்த்து எரித்தால் சாம்பல் கலந்துவிடும். சாம்பல் வேண்டுவோர் அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இவற்றுக்கு வழியில்லையேல் மாநகராட்சியின் 1913 எண்ணை அழைக்கலாம். ஆற்றிலும் பக்கிங்காம் கால்வாயிலும் வீசுவது அண்டை வீட்டாருக்குச் செய்யும் தீங்கு.

ஓர் எச்சரிக்கை. நாய் திடீரெனக் குணம் மாறியோ, வாயில் நுரை தள்ளியோ, எவரையேனும் கடித்தோ இறந்திருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள். கடிபட்டவரும், காயத்தில் எச்சில் பட்டவரும் சோப்பிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். இதில் வெட்கத்துக்கோ தாமதத்துக்கோ இடமில்லை.

மறுநாள் நாம் அவ்வீட்டுக்குச் சென்றபோது பாட்டியம்மாவுக்கு வேறொரு கவலை. "எரிப்பது வேதத்துக்கு ஆகுமா, சுவாமி?" என்றார். மனித உடலை எரிப்பதையே திருச்சபை 1963 முதல் அனுமதித்துள்ளது. மனிதரின் சாம்பலைத் தூவலாகாது, வீட்டில் வைத்துக்கொள்ளலாகாது என்று 2016-இல் உரோமை விதித்தது திருமுழுக்குப் பெற்ற உடலின் மாண்பைக் கருதியே. மணியின் சாம்பலை ஊர்த் தோட்டத்தில் செம்பருத்திச் செடிக்கடியில் இடுவதற்கு யாதொரு தடையுமில்லை.

சிறுமியின் கேள்விதான் கடினமானது. "மணி மோட்சத்தில் இருக்குமா?" குருமடத்தில் நாம் படித்த புனித தோமா அக்குவினாஸ், விலங்கின் ஆன்மா உடலோடு அழிவது என்கிறார். பத்து வயதுக் குழந்தையிடம் அதை அப்படியே ஒப்பிக்க நமக்குத் துணிவில்லை. "மணி மேலே இருந்து பார்க்கிறது" என்று கதை சொல்லவும் மனமில்லை. தோபித்து நூலைத் திறந்து காட்டினோம். தோபியாவும் வானதூதர் இரபேலும் பயணப்படும்போது ஒரு நாயும் உடன் செல்கிறது. திரும்பி வரும்போதும் அது பின்னால் வருகிறது. அதற்குப் பெயர்கூட இல்லை. ஆயினும் திருநூலில் இடமுண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட "இறைவா உமக்கே புகழ்" மடலில், நிலைவாழ்வில் ஒவ்வொரு படைப்பும் ஒளிமயமாகத் தன் இடத்தைப் பெறும் என்று எழுதியிருப்பதையும் கூறினோம். எவ்வாறு என்பதை இறைவனிடம் விட்டுவிடலாம் என்றோம். அவள் சிறிது நேரம் யோசித்தாள். "அப்படியானால் பூசை வையுங்கள்" என்றாள்.

தந்தைக்குத் தர்மசங்கடம். அவர் செலவைப் பற்றியும் நெளிந்தார். விலங்குகளுக்காக மனிதரின் துயர் தீர்க்க வேண்டிய பணத்தைச் செலவிடலாகாது என்று 1992-ஆம் ஆண்டு மறைக்கல்வி நூல் சொல்வதை யாரோ அவருக்கு நினைவூட்டியிருந்தார்கள். அதே நூல், விலங்குகள் தம் இருப்பாலேயே இறைவனைப் புகழ்கின்றன என்றும், நாம் அவற்றுக்குப் பரிவு காட்டக் கடமைப்பட்டவர்கள் என்றும் சொல்கிறது. நன்றாக உழைத்த பிராணியைக் கண்ணியமாக வழியனுப்பும் செலவு ஆடம்பரமாகாது. பளிங்குக் கல்லும் விருந்தும் வைத்தால் ஆடம்பரம்தான்.

இறந்த விசுவாசிகளுக்கான கருத்தில் நாய்க்குப் பூசை வைக்க இயலாது. அதைச் சிறுமியிடம் ஒளிக்காமல் சொன்னோம். நன்றிக் கருத்து வைக்கலாம் என்றதும் அவள் சம்மதித்தாள். பதிவேட்டில் அந்த ஞாயிறு காலைத் திருப்பலிக்கு நேரே, அவளுடைய கையெழுத்திலேயே, "பதினோர் ஆண்டு மகிழ்ச்சிக்காக" என்று இருக்கிறது.