நெற்றியில் பொரிப்பொரியாக

பௌர்ணமி கிரிவலம் முடிந்த மறுநாள் எங்கள் மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் காலைத்தான் காட்டுவார்கள். கொப்புளம், வெடிப்பு, சுளுக்கு. இளம்பிள்ளைகள் மட்டும் முன்முடியை ஒதுக்கி நெற்றியைக் காட்டுவார்கள். "அக்கா, நெத்தியெல்லாம் பொரிப்பொரியா வந்திருக்கு. ஃப்ரெண்டு போடறாளே, அந்த ட்யூப் குடுங்க." அந்த ட்யூபை நான் கொடுப்பதில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன், பொரி எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

நெற்றித் தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம். பதின்ம வயதில் ஹார்மோன் ஏறும்போது அவை கூடுதலாகச் சுரக்கின்றன. உதிர வேண்டிய செத்த தோல் அந்த எண்ணெயோடு ஒட்டி மயிர்க்காலின் வாயை அடைத்துக்கொள்கிறது. அடைப்புக்குள் பாக்டீரியா பெருகினால் சிவந்து, வீங்கி, சீழ் வைக்கிறது. இது யாருக்கும் வரும். ஆனால் கன்னத்தை விட்டுவிட்டு நெற்றியில் மட்டும் வந்திருந்தால் நான் முதலில் பார்ப்பது தலைமுடியை.

தேங்காயெண்ணெய் வழிய வழியத் தலைவாரி, கல்லூரி பஸ்ஸில் வெயிலோடு போகும் பிள்ளைக்கு அந்த எண்ணெய் முடியோரம் இறங்கி நெற்றியில்தான் தங்குகிறது. தலைக்குப் பூசும் களிம்பால் நெற்றியிலும் பொட்டிலும் சிறு சிறு பருக்கள் வருவதை 1970-லேயே பிளெவிக், ஃபுல்டன், கிளிக்மன் என்ற மூவர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். எண்ணெயே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முடியின் நுனிப் பக்கம் தடவுங்கள், இரவில் பூசி மறுநாள் அலசிவிடுங்கள்.

கிரிவலத்தன்று அண்ணாமலையைச் சுற்றி வரும்போது நெற்றிக்கு நடப்பதை யோசித்துப் பாருங்கள். 14 கிலோமீட்டர். இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டுச் சன்னிதி, எட்டிலும் திருநீறு. வியர்வையில் அது குழைகிறது, துண்டால் அழுத்தித் துடைக்கிறோம், அடுத்த சன்னிதியில் அதன்மேலேயே மறுபடி பூசுகிறோம். விடியற்காலை வீடு திரும்பி அப்படியே படுத்துவிடுகிறோம். திருநீற்றின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. வியர்வையும் எண்ணெயும் துண்டின் உரசலும் சேர்ந்து ராத்திரி முழுக்கத் தோலில் கிடப்பதுதான் கெடுதல். கார்த்திகைத் தீபத்திலிருந்து எடுத்துத் தரும் மையும் நெய்க் கரிதான், நெற்றியில் இட்டுக்கொள்ளுங்கள், படுக்கும் முன் கழுவிவிடுங்கள்.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. பொரிகள் எல்லாம் ஒரே அளவாக இருந்து, வியர்த்தால் அரித்து, தலையில் பொடுகும் இருந்தால் அது பருவாக இல்லாமல் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் அதிகமாகவும் ஆகலாம். பூஞ்சைக்கான மருந்துதான் கேட்கும். ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் அரித்துக் கறுத்தாலோ வெளுத்தாலோ, அது பசையின் ஒவ்வாமையாக இருக்கக்கூடும். பொட்டை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இப்போது அந்த ட்யூப். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த களிம்பு அது. பூசிய இரண்டே நாளில் சிவப்பு அடங்கும், முகம் வெளுத்த மாதிரி தெரியும். அதனால்தான் தோழிக்குத் தோழி கைமாறுகிறது. தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து ரத்த நாளம் தெரியும், வெயிலில் எரியும், முகத்தில் முடி வளரும், பருவும் புதிதாகக் கிளம்பும். நிறுத்தினாலோ முன்பைவிட மோசமாகப் பொங்கும். அந்தப் பயத்தில் மறுபடி ட்யூபைத் தேடி வருவார்கள். கண்ணெதிரே ஒரு பிள்ளையின் முகம் இப்படிப் பாழாவதைப் பார்ப்பது கொடுமை. 2018-ல் மத்திய அரசு இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டுகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத எச் அட்டவணையில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது, கடைக்காரரும் வாங்குகிறவரும் மதிக்க வேண்டும்.

சாதாரணப் பருவுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் எழுதுவது அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு. அடாபலீனை இரவில், முகம் கழுவி ஈரம் காய்ந்தபின், ஒரு பட்டாணி அளவு எடுத்து நெற்றி முழுக்க மெல்லப் பரப்ப வேண்டும். பருவின் தலையில் மட்டும் புள்ளி வைப்பது பயன்படாது. முதல் இரண்டு வாரம் தோல் காயும், உரியும். பயந்து நிறுத்திவிடாதீர்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். கர்ப்பிணிகள் அடாபலீன் பூசக்கூடாது. பென்சாயில் பெராக்சைடு பட்டால் தலையணை உறை வெளுத்துப்போகும், பழைய உறையாகப் போட்டுக்கொள்ளுங்கள். எலுமிச்சம்பழம், பற்பசை, கிள்ளிப் பிதுக்குவது மூன்றும் வேண்டவே வேண்டாம். நம் மாநிறத்தில் கிள்ளிய தழும்பு மாதக்கணக்கில் கறுப்பாக நிற்கும்.

வீட்டில் யாராவது முகத்துக்கு ட்யூப் பூசுகிறார்களா? அதன் பின்புறம் பொடி எழுத்தில் உள்ள பெயரைப் படித்துப் பாருங்கள். ஸ்டீராய்டு இருந்தால், ட்யூபைக் கையோடு எடுத்துக்கொண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் மருத்துவரைப் பாருங்கள். சீட்டுக்கும் காசில்லை, மருந்துக்கும் காசில்லை.