ரப்பர்க் கொட்டைக்குத் தாய்மரம் தேடி

கைப்பழக்கம் – தொடர் 6

ஆகஸ்டு பிறந்துவிட்டால் கெடாவின் பால்மரக் காடுகளில் 'படக், படக்' என்று காய் வெடிக்கும் சத்தம் கேட்கத் தொடங்கும். காய்க்கு மூன்று அறை, அறைக்கு ஒரு கொட்டை. வெயில் ஏறி ஓடு காய்ந்து இறுகியதும் காய் தானே தெறித்து, கொட்டையைப் பல அடி தூரத்துக்கு வீசிவிடும். பீடோங் பக்கம் மிச்சமிருக்கும் ரப்பர் தோட்டங்களிலும், சீக், பாலிங் வட்டாரச் சிறுதோட்டங்களிலும் இந்த மாதங்களில் தரையெல்லாம் கொட்டைதான். வீட்டில் நான்கு வயதிலிருந்து ஏழு வயதுக்குள் ஒரு பிள்ளை இருந்தால், தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, ஒரு வாளி பொறுக்கி வந்துவிடுங்கள். இந்த வாரப் பாடம் முழுவதும் அந்த வாளிக்குள் இருக்கிறது.

கோலப் புள்ளிகளைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, பாக்கார் ஆராங் தாய்மார்கள் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "டீச்சர், அஞ்சு வயசுப் பிள்ளைக்கு எந்தப் பயிற்சிப் புத்தகம் வாங்கலாம்?" சுங்கைப்பட்டாணிக் கடைகளில் அந்த வயதுக்கென்றே புத்தகங்கள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். புள்ளிக் கோட்டின்மேல் எழுது, எண்ணி வட்டமிடு, கோடிட்டு இணை. என் பதில்: இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். மணிக்கட்டில் இருக்கிற எட்டு எலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்புகள். அவை ஒவ்வொன்றாக இறுகி முடியப் பிள்ளைக்குப் பத்து வயதாவது ஆகிவிடும். அப்படிப்பட்ட கையில் மணிக்கணக்கில் பென்சிலைத் திணித்து, "கோட்டுக்கு வெளியே போகாதே" என்று அதட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. பொறுக்கி, கிள்ளி, உருட்டி, முறுக்கிப் பழகிய விரலுக்குப் பென்சில் பிறகு தானாக வசப்படும்.

வீட்டுக் கல்வி என்றதும் சட்டம் இடம் கொடுக்குமா என்று தயங்குகிறவர்கள் உண்டு. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பின்னர் வந்த திருத்தத்தின்படி, 2003 ஜனவரியிலிருந்து மலேசியாவில் தொடக்கக் கல்வி கட்டாயம். பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டில் கற்பிக்க நினைப்பவர்கள் கல்வியமைச்சிடம் விலக்குப் பெற வேண்டும். ஆனால் முதலாம் ஆண்டில் சேரும் வரைக்குமான வயதில் பெரும்பொழுது நம் கையில் இருக்கிறது. தாடிகா என்ற பாலர் பள்ளிக்குப் போகிற பிள்ளையும் மத்தியானத்துக்குள் வீடு திரும்பிவிடும். அம்மாவும் அப்பாவும் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலைக்குப் போய்விட்டால் மீதிப் பொழுதெல்லாம் பாட்டியிடம்தான். ஆகவே நான் இந்தத் தொடரைப் பாட்டி, தாத்தாக்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

2020 மார்ச் 18ஆம் தேதி கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது நாட்டில் ஒவ்வொரு வீடும் ஒரே நாளில் பள்ளிக்கூடமாயிற்று. பிள்ளைகளில் ஏறத்தாழ 37 விழுக்காட்டினரிடம் கணினியோ கைப்பேசியோ எதுவுமே இல்லை என்று கல்வியமைச்சின் கணக்கெடுப்பு சொன்னது. ஒரு கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பார்த்த வீடுகளை நான் அறிவேன். பாடம் என்றால் திரை என்ற எண்ணம் அப்போது வேரூன்றியது. ஆணை போய்விட்டது, எண்ணம் போகவில்லை.

வாளிக்கு வருவோம். கொட்டைகளைச் சிமெண்டுத் தரையில் கொட்டுங்கள். ஒன்றும் சொல்லாதீர்கள். பிள்ளை முதலில் உருட்டும், தட்டும், கை நிறைய அள்ளி மறுபடி கொட்டும். அது ஓயட்டும். பிறகு ஒரு கொட்டையை உள்ளங்கையில் வைத்துக் காட்டி, "இது மாதிரியே இன்னொண்ணு இருக்கா பாரு" என்று மட்டும் கேளுங்கள். முதல் பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான்: வழவழப்பான ஓடு, சாம்பல் கலந்த பழுப்பு, மேலே கரும்பழுப்புத் திட்டுகள். கிட்ட வைத்துப் பார்த்தால் ஒன்றில் திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பட்டையாக ஓடும். இன்னொன்றில் பொடிப்பொடியாகச் சிதறியிருக்கும். ஒன்று நீளவாக்கில் இருக்கும், ஒன்று தோள் அகன்று கட்டையாக இருக்கும்.

ஒரே மரத்துக் கொட்டைகள் எல்லாம் ஒரே ஓட்டுக் கோலத்தோடு இருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. அந்த ஓடு தாய்மரத்தின் திசுவிலிருந்து உருவாவது. மகரந்தம் எந்த மரத்திலிருந்து வந்து சேர்ந்தாலும் ஓட்டின் கோலம் தாயுடையதுதான். ரப்பரில் ஊறிய தோட்டக்காரர்கள் கொட்டையைக் கையில் எடுத்தே இது இன்ன ரகம் என்று சொல்லிவிடுவார்கள். ஐந்து வயதுப் பிள்ளையாலும் இந்த வேலையைச் செய்ய முடியும்.

பாக்கார் ஆராங்கில் ஒரு தாமான் வீட்டில் இதை நேரில் பார்த்தேன். பாட்டி இளமையில் பால்மரம் சீவியவர். பேரனும் அவரும் மூன்று மரத்தடியில் மூன்று பைகளில் பொறுக்கி வந்து, வீட்டில் எல்லாவற்றையும் கலந்துவிட்டிருந்தார்கள். பேரன் குத்தவைத்து உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தான். ஒரு கொட்டையில் கை நின்றது.

"பாட்டி, இது எந்த மரம்?"

"எனக்கென்னய்யா தெரியும்? நீதானே பொறுக்குனே. திருப்பிப் பாரு."

திருப்பினான். தட்டையான அடிப்பக்கத்தைப் பார்த்தான். இரண்டாவது குவியலில் வைத்தான், பிறகு அவனே திரும்ப எடுத்துக்கொண்டான். பாட்டி வாயைத் திறக்கவில்லை. முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தார். கடைசியில் அவன், "இதோட அம்மா இங்க இல்ல" என்று சொல்லி அதைத் தனியாக வைத்தான். மறுநாள் இருவரும் மரத்தடிக்குப் போய்த் தேடியிருக்கிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நாலாவது மரம் நின்றது. காய் வெடித்து, வேலி தாண்டி வந்து விழுந்த கொட்டை அது.

அந்தப் பாட்டி விடை தெரிந்தும் சொல்லாமல் இருந்தாரே, அதுதான் நான் பார்த்த மிகச் சிறந்த கற்பித்தல். நாம் அவசரப்பட்டு வாயைத் திறந்துவிடுகிறோம். பிள்ளை தயங்கும் நேரம்தான் அது யோசிக்கும் நேரம். நுணுக்கமான வேறுபாட்டைத் தானே கண்டுபிடித்த கண், நாளைக்கு 'ண'வையும் 'ன'வையும் பிரித்துப் பார்க்கத் திணறாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பெரிய தோட்டங்களில் ஒரே ரகத்தை ஒட்டுக்கட்டிய கன்றுகளாக ஏக்கர் கணக்கில் நட்டிருப்பார்கள். அங்கே பொறுக்கினால் எல்லாக் கொட்டையும் ஒரே மாதிரிதான் இருக்கும். அந்த மரங்கள் எல்லாமே ஒரு மரத்தின் மறுபிறப்பு. "எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு" என்று பிள்ளை சொன்னால் அது சரியான விடை. இந்த விளையாட்டுக்கு, விதை போட்டு முளைத்த பழைய மரங்கள் கலந்து நிற்கும் சிறுதோட்டமே நல்லது.

அடுத்து, முளைக்கவைத்துப் பார்ப்பது. அடியில் ஓட்டை போட்ட இரண்டு மைலோ டின்களில் ஈரமணல் நிரப்பி, ஒன்றில் இன்று விழுந்த கொட்டை பத்து, மற்றொன்றில் போன மாதம் பொறுக்கி வைத்திருந்த கொட்டை பத்து ஊன்றுங்கள். தினமும் பசியாறியதும் போய்ப் பார்த்து, நாள்காட்டியில் பிள்ளையே ஒரு குறி போடட்டும். புதுக் கொட்டை ஒன்றிரண்டு வாரத்தில் மணலைப் பிளந்துகொண்டு வரத் தொடங்கும். பழையது பெரும்பாலும் வராது, ஏனென்றால் எண்ணெய்ப் பசை மிகுந்த இந்த விதைக்கு உயிர் சில வாரங்கள்தான். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளைக் கப்பலேற்றி இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை 3,000கூட இல்லை. மறு ஆண்டு அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. நம் முன்னோரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த தொழிலின் தொடக்கம் அது. இதைக் கதையாகச் சொல்லுங்கள், பிள்ளைகள் அசையாமல் கேட்பார்கள்.

கணக்குக்கு வந்தால், முதலில் ஐந்து கொட்டைகளை நெருக்கமாக ஒரு வரிசை, இன்னொரு ஐந்தை இடைவெளி விட்டு ஒரு வரிசை வையுங்கள். எதில் அதிகம் என்று கேட்டால் நாலு வயதுப் பிள்ளை பெரும்பாலும் நீள வரிசையைக் காட்டும். சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே கண்டு எழுதிய விஷயம் இது. தவறு என்று சொல்ல வேண்டாம். அந்த வயதில் அப்படித்தான் தெரியும். பின்னால் ஒரு நாள், "ரெண்டும் அஞ்சுதானே பாட்டி" என்று அதுவே சொல்லும். சொல்லிக்கொடுத்து வருவதல்ல அது, கையால் நகர்த்தி நகர்த்தி வருவது.

ஆறு வயதாகிவிட்டால் சொங்காக். பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைகளிடம் பலகை இருக்கும், நம் பல்லாங்குழிக்கு உறவுக்கார ஆட்டம். பக்கத்துக்கு ஏழு குழி, ஆக 14 குழி. இரண்டு முனையிலும் ஆளுக்கொரு வீடு. குழிக்கு ஏழு கொட்டை வைத்தால் 98. பலகை இல்லையென்றால் மண்ணில் குழி தோண்டலாம், முட்டைத் தட்டும் போதும். ஒவ்வொரு குழியிலும் ஒன்றொன்றாகப் போட்டுக்கொண்டு போவதால், ஒரு எண்ணுக்கு ஒரு பொருள் என்ற அடிப்படை விரலில் பதிந்துவிடும். நன்றாக ஆடத் தெரிந்த பிள்ளை எண்ணாமலே, இந்தக் குழியை எடுத்தால் எங்கே போய் முடியும் என்று கண்ணால் கணித்துவிடும். ஒரு பிள்ளை தொடர்ந்து தோற்று அழுதால் குழிக்கு மூன்றாகக் குறைத்து ஆடுங்கள்.

சிமெண்டுத் தரையில் கொட்டையைத் தேய்த்துச் சூடாக்கி அடுத்தவன் கையில் வைத்துவிட்டு ஓடுவது நம் தலைமுறை எல்லோரும் செய்ததுதான். உராய்வு வெப்பம் தரும் என்பதை அதைவிட நன்றாக யாரும் கற்பிக்க முடியாது. தோலில் வைக்காமல், விரல் நுனியால் தொட்டுப் பார்க்க வையுங்கள்.

மரத்திலிருந்து வரும் ரப்பரிலும் ஒரு பாடம் உண்டு. இந்தியப் பொறியாளர் அரவிந்த் குப்தா 1970களின் இறுதியில் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளில், சைக்கிள் வால்வு டியூபைத் துண்டு துண்டாக வெட்டி, அதில் தீக்குச்சிகளைச் செருகிப் பல வடிவங்கள் செய்துகாட்டினார். இந்திய அரசு 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. தீக்குச்சிக்குப் பதில் நாம் கூர் நறுக்கிய சாத்தே குச்சியை எடுத்துக்கொள்ளலாம், அது நுழையும் அளவுக்கு மெல்லிய ரப்பர்க் குழாயைச் சாமான் கடையில் கேட்டு வாங்கலாம். மூன்று குச்சியில் முக்கோணம், நான்கில் சதுரம். சதுரத்தை ஒரு மூலையில் அழுத்தினால் சாய்ந்து படுத்துவிடும். முக்கோணத்தை எப்படி அழுத்தினாலும் அசையாது. பிள்ளை சதுரத்துக்குக் குறுக்கே இன்னொரு குச்சி வைக்க வேண்டும் என்று தானே கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருங்கள். பிறகு மோட்டாரில் போகும்போது மின்கோபுரத்தைக் காட்டி, முக்கோணம் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள்.

ஜாக்கிரதை சில. மூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை கிட்டே கொட்டை வேண்டாம், தொண்டையில் சிக்கும். பச்சைக் கொட்டையின் பருப்பில் சயனைடு நஞ்சு ஊறும் பொருள் இருக்கிறது. ஜப்பான்காரன் காலப் பஞ்சத்தில் அதை அவித்துத் தண்ணீர் மாற்றி மாற்றிப் பக்குவப்படுத்தித் தின்றவர்கள் உண்டு என்பதற்காக யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம். விளையாடி முடித்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். மழைக்குப் பின் தோட்டத்துக்குள் போனால் கொசுவும் பாம்பும் உண்டு, கால்சட்டையும் சப்பாத்தும் அவசியம்.

இப்படியெல்லாம் எழுதுவதால் பழைய லயத்து வாழ்க்கையை நான் புகழ்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விடியுமுன் ஆளெண்ணும் பெரட்டுக்கு ஓடிய தாய், கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போனாள். ஒரு ஆயா, ஏகப்பட்ட பிள்ளைகள். அங்கே யாரும் எதையும் திட்டமிட்டுக் கற்பிக்கவில்லை. பிள்ளைகள் கொட்டையை வைத்து விளையாடியது வேறு எதுவும் இல்லாததால். இன்று நமக்கு வேறு பலவும் இருக்கின்றன. இருந்தும் அதைத் தேடி எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, கேள்வி கேட்டு, விடைக்குக் காத்திருக்க ஒரு பெரியவர் இருந்தால் அது வேறு விஷயம்.

அடுத்த வாரம் மெர்போக்கிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போகிறோம். பாக்கார் ஆராங்கிலிருந்து மோட்டாரில் போய் வரும் தூரம்தான். புக்கிட் பத்து பாஹாட் கோயிலின் அடித்தளத்தில், மரத்தூண் நட்டிருந்த கற்பீடங்கள் வரிசையாக இருக்கின்றன. பிள்ளைகள் அவற்றை எண்ணி, காலடியால் அளந்து, வீட்டுக்கு வந்து களிமண்ணில் கட்டிப் பார்க்கப் போகிறார்கள். தயாராக வைத்திருக்க வேண்டியவை: ஆளுக்கு ஒரு முழ நூல், பென்சில் துண்டு, பழைய நாள்காட்டித் தாள் இரண்டு, ஒரு வாளிக் களிமண். ஞாயிற்றுக்கிழமையே களிமண்ணை நனைத்துப் போட்டுவிடுங்கள்.