ஜாக்கி தூக்கும், தாங்காது

பகாவ், ரொம்பின், லிங்கி, ரந்தாவ் என்று நெகிரி செம்பிலானின் எந்தத் தோட்டப் பக்கம் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். செம்பனைக் குலை ஏற்றிய ட்ரெய்லர் டயர் பஞ்சராகி மண் பாதையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போனால்தான் எண்ணெய் தரமாக இருக்கும் என்பதால் மண்டோர் அவசரப்படுத்துவார். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கிடக்கும் பாட்டில் ஜாக்கியை எடுத்து அச்சுக்குக் கீழே வைத்து அடிப்பார். நேற்றைய மழையில் ஊறிய செம்மண்ணில் ஜாக்கியின் அடித்தட்டு அமுங்கும். ஒரு பலகைத் துண்டைச் செருகி மறுபடி அடிப்பார். சக்கரம் தரையை விட்டு எழும்பியதும், வேறு எதையும் முட்டுக்கொடுக்காமல், தோளையும் தலையையும் உள்ளே நுழைப்பார்.

அந்த நேரத்தில் அவர் உயிரைத் தாங்கிக்கொண்டிருப்பது ஒரு ரப்பர் சீலும் ஒரு சிறு வால்வும்தான். ஹைட்ராலிக் ஜாக்கிக்குள் இருப்பது எண்ணெய். கைப்பிடியை அடிக்கும்போது எண்ணெய் தண்டை மேலே தள்ளுகிறது, அது திரும்பி வராதபடி வால்வு அடைத்துக்கொள்கிறது. சீல் தேய்ந்தாலோ வால்வில் ஒரு மணல் துகள் சிக்கினாலோ தண்டு இறங்கும். சில சமயம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் இறங்கும், சில சமயம் ஒரே அடியாக. தண்டைச் சுற்றி எண்ணெய் ஈரம் தெரிந்தால் அந்த ஜாக்கியை அன்றே ஒதுக்கிவிட வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் ‘2 டன்’ என்ற எழுத்து, புதிய ஜாக்கி சமதரையில் நேராக நின்று தூக்கும்போது பொருந்தும் கணக்கு. சாய்ந்த ஜாக்கிக்கும் பழைய ஜாக்கிக்கும் அது பொருந்தாது.

ஜாக்கி எண்ணெயை நம்பக் கூடாது என்பதை விமானத் துறை நன்றாகவே உணர்ந்திருக்கிறது. செஸ்னா 172 போன்ற சிறு விமானம் முழு எடையோடு சுமார் 1,100 கிலோதான். அதற்கான அசல் ஜாக்கிகள் விலை அதிகம் என்பதால், வெளிநாடுகளில் சொந்த விமானம் வைத்திருப்போர் பலர் பாட்டில் ஜாக்கியை இரும்பு முக்காலியில் பொருத்தித் தாங்களே செய்துகொள்கிறார்கள். முறையான விமான ஜாக்கியின் தண்டில் மரையோடு ஒரு பூட்டு வளையம் இருக்கும். விமானம் உயர்ந்ததும் வளையத்தைக் கீழே திருகிவிட்டால், எண்ணெய் முழுவதும் கசிந்தாலும் தண்டு இறங்காது. பைப்பர் ரக விமானங்களை இறக்கையடியில் தூக்கும்போது மூக்குப் பக்கம் கவிழாதிருக்க, வாலில் கனமான பாரத்தைக் கட்டுவார்கள். ஒரு டன் எடைக்கே இத்தனை ஏற்பாடு. குலை நிரம்பிய ட்ரெய்லர் அதைவிடப் பல மடங்கு கனம், அதன் கீழே நுழைகிறவருக்கு ஒரு பூட்டு வளையம்கூட இல்லை. இது எனக்கு ஆறாத வருத்தம்.

ட்ரெய்லரை இழுக்கும் டிராக்டரில் இன்னொரு ஆபத்து உண்டு, பலரும் கவனிப்பதில்லை. மேடுபள்ளத்தில் நான்கு சக்கரமும் தரையில் பதிய வேண்டும் என்பதற்காக, முன் அச்சு நடுவில் ஒரே முளையில் இரு பக்கமும் ஆடும்படி அமைக்கப்பட்டிருக்கும். அதனால் பின் சக்கரத்தைத் தூக்கும்போது, உடல் முன்பக்கம் அந்த ஒற்றை முளையில் நின்று பக்கவாட்டில் சாயலாம். தூக்குவதற்கு முன்பே முன் அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்து அந்த ஆட்டத்தை நிறுத்த வேண்டும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட வேண்டும். ட்ரெய்லரைக் கழற்றிவிட வேண்டும். பாரம் இருந்தால் இறக்கிவிட வேண்டும். குலையை இறக்கி மறுபடி ஏற்ற அரை நாள் போகும் என்பார்கள். போகட்டும்.

கொட்டும் ட்ரெய்லரின் தொட்டியைத் தூக்கி நிறுத்தி அதற்குக் கீழே பழுது பார்ப்பதும் இதே கதைதான். அங்கேயும் தாங்குவது எண்ணெய். ஒரு குழாய் வெடித்தால் தொட்டி மொத்தமாக இறங்கும். தொட்டிக்கென்று உள்ள இரும்பு முட்டுக் கொடுக்காமல் தலையை நீட்டக் கூடாது.

எதை வைத்து முட்டுக்கொடுப்பது? எடை பொறித்த இரும்பு ஸ்டாண்டு இரண்டு, சமதரையில், தடித்த பலகையின் மேல். தோட்டத்தில் அது இல்லாவிட்டால் செங்கால், பாலாவ் போன்ற கனமான மரக்கட்டைகளை நெடுக்கும் குறுக்குமாக, உயரத்தைவிட அகலம் குறையாதபடி அடுக்கலாம். பழைய ரயில் கட்டை கிடைத்தால் நல்லது. செங்கல்லும் ஓட்டைச் சிமெண்ட் கல்லும் எந்த அறிகுறியும் காட்டாமல் நொறுங்கும். சாய்த்த செம்பனை மரத் துண்டைப் பலர் இழுத்துவந்து போடுகிறார்கள். அதன் உள்பகுதி நார்ச்சோறு, எடை ஏறினால் அமுங்கிவிடும். பால் மரக்கட்டை வெட்டிய சில வாரங்களிலேயே பூஞ்சையும் வண்டும் அரித்து உள்ளே உளுத்திருக்கும்.

பட்டறையில் குழாயை வெட்டி ஸ்டாண்டு பற்றவைத்துத் தருகிறேன் என்பவரின் கைத்திறனை நான் மதிக்கிறேன். ஆனால் வெல்டிங்கின் உட்குறை கண்ணுக்குத் தெரியாது. பெரிய நிறுவனங்களே தவறியிருக்கின்றன. அமெரிக்காவின் ஹார்பர் பிரெய்ட் கடைகள் 2020-ல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றன. பல்லில் கொக்கி சரியாகப் பதியாமல், எடை அசைந்ததும் ஸ்டாண்டு இறங்கிவிடும் அபாயம் இருந்தது. மாற்றாகக் கொடுத்த ஸ்டாண்டு ரகம் ஒன்றில் வெல்டிங் குறை தெரிந்து, அதே ஆண்டு அதையும் திரும்பப் பெற்றார்கள். பல் வைத்த ஸ்டாண்டைவிட, துளையில் தடித்த முளையைச் செருகும் ஸ்டாண்டு எளிமையானது. முளை முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தாலே தெரியும்.

இதையெல்லாம் யார் வாங்கித் தருவது? ‘நீதான் வண்டி ஓட்டுகிறாய், நீயே வாங்கிக்கொள்’ என்று சொல்ல எந்த முதலாளிக்கும் உரிமையில்லை. 1994-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, பாதுகாப்பான கருவியும் வேலை முறையும் பயிற்சியும் தருவது முதலாளியின் கடமை என்கிறது. அப்படித் தருவதற்காகத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது என்கிறது 26-ஆம் பிரிவு. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் 26A என்ற பிரிவைச் சேர்த்திருக்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பினால், முதலாளியிடம் சொல்லியும் அவர் அதைச் சரிசெய்யாவிட்டால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகி நிற்கலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. கடமை தவறும் முதலாளிக்கு முன்பு 50,000 ரிங்கிட்டாக இருந்த உச்ச அபராதம் இப்போது 500,000 ரிங்கிட். மண்டோரிடம் வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், வாட்ஸ்அப்பில் ‘ஸ்டாண்டு இல்லை, ஜாக்கி கசிகிறது’ என்று படத்தோடு ஒரு வரி அனுப்பிவையுங்கள். நாளைக்கு அதுதான் சாட்சி. பலனில்லையென்றால் சிரம்பானில் உள்ள தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

விபத்து நடந்துவிட்டால், இறங்கிய வண்டியை ஓட்டி நகர்த்தவோ ஆள்மேல் இழுக்கவோ கூடாது. வேறொரு ஜாக்கியால் தூக்கி, தூக்கத் தூக்கக் கட்டை கொடுத்து, ஆளை எடுக்க வேண்டும். 999-ஐ அழையுங்கள். ஆளைக் காப்பாற்றிய பிறகு வண்டியையும் ஜாக்கியையும் அப்படியே விட்டுவிடுங்கள். விசாரணைக்கு முன் இடத்தைக் கலைக்கக் கூடாது.

மருத்துவமனையில் முதல் வாய்மொழி முக்கியம். ‘வீட்டில் விழுந்தேன் என்று சொல், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று யாராவது காதில் ஓதினால் கேட்காதீர்கள். வேலை நேரத்தில், வேலை இடத்தில் நடந்தது என்று முதல் நாளே மருத்துவர் குறிப்பில் பதிய வேண்டும். அந்த ஒரு வரி இல்லாமல் போனால் சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) உதவிக்காக மாதக்கணக்கில் அலைய நேரிடும். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். நான்கு நாளோ அதற்கு மேலோ மருத்துவ விடுப்பு கிடைத்தால், சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக ஊனத் தொகையாகக் கிடைக்கும். கையோ விரலோ நிரந்தரமாகப் பழுதானால் அதற்குத் தனி உதவி, உயிர் போனால் குடும்பத்துக்குச் சார்ந்தோர் உதவித்தொகை. சொக்சோவில் இருப்பவர் அதே காயத்துக்காக முதலாளி மேல் தனியாக நஷ்டஈடு வழக்குப் போடுவதை 1969-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு பொதுவாகத் தடுக்கிறது. ஆகவே சொக்சோவை விட்டுவிட்டு உறையில் வைத்துக் கொடுக்கும் சில ஆயிரத்துக்குக் கையெழுத்துப் போட்டால் குடும்பம் இழப்பது மிக அதிகம்.

வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்களும் இன்று நம் தோட்டங்களில் இதே ட்ரெய்லரின் கீழே படுக்கிறார்கள். சட்டப்படி வேலை செய்யும் அந்நியத் தொழிலாளர்கள் 2019 ஜனவரி முதல் வேலை விபத்துத் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள். ‘நீ கொன்ட்ராக், உனக்கு ஒன்றுமில்லை’ என்பதும் முடிந்த முடிவல்ல. எழுத்து ஒப்பந்தமே இல்லாவிட்டாலும், வேலை நேரத்தையும் முறையையும் இன்னொருவர் கட்டுப்படுத்தினாலோ, கருவியை அவர் கொடுத்தாலோ, நீங்கள் அவருடைய தொழிலாளி என்றே வேலைச் சட்டத்தின் 101C பிரிவு முதலில் கருதும். அவர் கொடுத்த ஜாக்கியே உங்களுக்கு ஆதாரமாகலாம்.

தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை சொந்த வேனுக்குக் கீழே படுப்பது வேறு வகை. அங்கே வேலை விபத்துத் திட்டம் வராது. இணையத்தில் வாங்கிய ஜாக்கி குறையுள்ளதாக இருந்தால், ரசீதும் விளம்பரத்தின் படமும் வைத்திருந்தால், பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமல், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். சம்பவம் நடந்த மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும்.

சொக்சோ மருத்துவ வாரியம் ஊன அளவைக் குறைத்துப் போட்டுவிட்டது என்று தோன்றினால், முடிவு கைக்கு வந்த 90 நாளுக்குள் மேல்முறையீட்டு மருத்துவ வாரியத்துக்குப் போகலாம். சொக்சோவின் எண் 1-300-22-8000. படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் தோட்டத் தொழிலாளர் சங்கத்தாரையோ படித்த பிள்ளைகளையோ கூட்டிக்கொண்டு சிரம்பான் அலுவலகத்துக்கே போய்விடுங்கள். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, மருத்துவ விடுப்புச் சீட்டு, விபத்து இடத்தின் படங்கள், இத்தனையும் கையில் இருக்கட்டும்.