நமக்கு ஏற்ற மனநல ஆலோசகர் யார்? நான்கு சந்திப்பில் தெரியும்

குறிஞ்சிப்பாடியில் ஒருவர் மனநல ஆலோசனைக்குப் போக நினைத்தால் அவருக்கு இருக்கும் வழிகள் சிலவே. பக்கத்தில் நெய்வேலி, கொஞ்சம் தள்ளி மாவட்டத் தலைநகர் கடலூர், பெரிய இடம் வேண்டுமென்றால் புதுச்சேரி ஜிப்மர். யாரிடம் போகலாம் என்று விசாரித்தால் மூன்று யோசனைகள் வரும்: பெரிய டாக்டராகப் பார், நம்ம ஆளாகப் பார், நம்மைத் தெரியாத இடமாகப் பார். மூன்றிலும் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் சிகிச்சை பலிக்குமா என்பதைச் சொல்ல இவற்றைவிட நல்ல அடையாளம் ஒன்று இருக்கிறது. அது வாசல் போர்டில் தெரியாது. சிகிச்சையைத் தொடங்கி மூன்று, நான்கு சந்திப்புகள் போனால்தான் தெரியும்.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-இல் அதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார். எதை மாற்றப் போகிறோம் என்பதில் ஆலோசகருக்கும் அவரிடம் வருபவருக்கும் ஒரே எண்ணம், அதற்கு என்ன செய்யப் போகிறோம் என்பதில் உடன்பாடு, இவரிடம் மனம் திறக்கலாம் என்ற நம்பிக்கை: இவை சேர்ந்ததே சிகிச்சை உறவு என்றார். கிறிஸ்டோஃப் ஃப்ளூக்கிகர் குழுவினர் 2018-இல் 295 ஆய்வுகளைத் தொகுத்தார்கள்; 30,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் அவற்றில் இருந்தன. உறவு வலுவாக இருந்தவர்களுக்குப் பலனும் கூடுதலாக இருந்தது. ஒருவர் அதிகம் தேறுகிறார், இன்னொருவர் குறைவாகத் தேறுகிறார் என்ற வேறுபாட்டில் சுமார் 8 சதவீதத்தை இந்த உறவு விளக்கியது. இவ்வளவுதானா என்று தோன்றலாம். ஆனால் மனச்சோர்வு போன்ற கோளாறுகளில் முறையான ஒரு பேச்சுச் சிகிச்சைக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இதைவிடச் சிறியது. தேறியவருக்கு ஆலோசகரைப் பிடித்துப்போவது இயல்புதானே, இதில் காரணம் எது, விளைவு எது என்று இன்னொரு கேள்வியும் எழும். சந்திப்புக்குச் சந்திப்பு அளந்து பார்த்த ஆய்வுகள் இரண்டுமே நடப்பதாகக் காட்டுகின்றன. தேறத் தேற நம்பிக்கை வளர்கிறது; நம்பிக்கை வளர்ந்த வாரத்துக்கு அடுத்து அறிகுறிகளும் குறைகின்றன.

நெய்வேலிச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் தூக்கம் பிடிப்பதில்லை. எடுத்ததற்கெல்லாம் எரிச்சல், அதை அடக்கக் குடி. அவர் கேட்பது தூக்கம். கூட வந்த மனைவி கேட்பது குடி நிற்க வேண்டும் என்று. ஆலோசகரோ சின்ன வயதில் அப்பா எப்படி என்று ஆரம்பிக்கிறார். மூவரிடமும் தப்பில்லை, ஆனால் ஆளுக்கொரு இலக்கு. நாலாவது வாரம் அவர் ஷிப்டைச் சாக்குச் சொல்லி நின்றுவிடக்கூடும். 669 ஆய்வுகளைத் தொகுத்த 2012-ஆம் ஆண்டுக் கட்டுரை, சிகிச்சையைத் தொடங்குபவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இப்படிப் பாதியில் விடுவதாகச் சொல்கிறது. அதே ஆலோசகர், “முதல்ல தூக்கத்தைப் பார்ப்போம். எப்போ படுத்தீங்க, எப்போ முழிச்சீங்க, அன்னைக்குக் குடிச்சீங்களான்னு ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க” என்று தொடங்கியிருந்தால் தூக்கமும் குடியும் ஒரே பக்கத்தில் வந்திருக்கும். ஆளை மாற்றாமலே பொருத்தம் வந்திருக்கும்.

அப்படியானால் படிப்பு வேண்டாமா? வேண்டும். கவுன்சலர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிவிடும் நாட்டில் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண்ணைக் கேட்கலாம். காதில் குரல் கேட்பது, தற்கொலை எண்ணம் போன்றவற்றுக்கு மனநல மருத்துவரைத் தள்ளிப்போடக் கூடாது. திரும்பத் திரும்பக் கை கழுவும் எண்ணச் சுழல் நோய்க்கு, அச்சத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் முறை தெரிந்தவர் வேண்டும். கனிவு மட்டும் போதாது. ஆனால் பட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலனும் பெருகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கோவா ஆரம்ப சுகாதார நிலையங்களில் விக்ரம் படேல் குழுவினர் நடத்திய ஆய்வு 2017-இல் லான்செட் இதழில் வந்தது. மனநலப் படிப்பு இல்லாத, பயிற்சியும் கண்காணிப்பும் பெற்ற ஆலோசகர்களிடம் பேசியவர்களில் 64 சதவீதம் பேருக்கு மூன்று மாதத்தில் கடும் மனச்சோர்வு தணிந்தது. சற்று மேம்படுத்திய வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம் பேருக்கே தணிந்தது.

‘நம்ம ஆள்’ என்ற யோசனையைப் பற்றியும் தரவு உண்டு. இனம் சார்ந்த பொருத்தத்தை ஆராய்ந்த 2011-ஆம் ஆண்டு அமெரிக்கத் தொகுப்பில், பலர் தம் இனத்தவரையே விரும்பினார்கள். ஆனால் குணமாவதில் வேறுபாடு ஏறக்குறைய இல்லை. சாதி, ஊர் பார்த்துத் தேடுபவர்களும் இதை யோசிக்கலாம். தாய்மொழியில் பேச முடிவதும், சில விஷயங்களைப் பெண் ஒரு பெண்ணிடம் சொல்ல விரும்புவதும் வேறு கதை. அந்த விருப்பத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நெய்வேலி டவுன்ஷிப்பில் விஷயம் வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயமும் வீண் பயமல்ல. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் ரகசியக் காப்பை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. யாரிடம் எதைச் சொல்வீர்கள், குறிப்புகளை எங்கே வைப்பீர்கள் என்று முதல் நாளே கேட்கலாம்.

இருப்பதே ஒருவர், இதில் எங்கே தேர்ந்தெடுப்பது என்று கேட்கலாம். இதுதான் இருப்பதிலேயே வலுவான ஆட்சேபம். பொருத்தம் ஜாதகம் போல முன்பே எழுதிவைத்ததாக இருந்தால் அதற்குப் பதிலே இல்லை. ஆனால் இலக்கையும் வழியையும் பேசித் திருத்த முடியும். சரியாகப் போகவில்லை என்ற தகவல் ஆலோசகருக்கு உடனுக்குடன் கிடைத்த ஆய்வுகளில், நிலைமை மோசமாகிப் போனவர்களின் எண்ணிக்கை குறைந்தது. ஆகவே நாலாவது சந்திப்பில் மூன்று கேள்விகள் போதும்: நான் கேட்டு வந்த பிரச்சினையைத்தான் பேசுகிறோமா? அடுத்த வாரம் வரை நான் என்ன செய்ய வேண்டும், ஏன் என்று எனக்குத் தெரியுமா? சொல்ல வெட்கப்படும் விஷயத்தை இவரிடம் சொல்ல முடியுமா? இல்லை என்ற பதில் வந்தால் அதை அவரிடமே சொல்லுங்கள். நல்ல ஆலோசகர் கோபித்துக்கொள்ளாமல் வழியை மாற்றுவார், அல்லது வேறொருவரைக் கைகாட்டுவார். கேட்டதற்கே முகம் சுளித்தால் தயங்காமல் வெளியேறலாம். வேறொருவர் பக்கத்தில் இல்லையென்றால், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் தமிழில் அழைக்கலாம். ஒருவரிடம் ஒத்துவரவில்லை என்பதற்காகச் சிகிச்சையையே கைவிடத் தேவையில்லை.